வேலைக்குப் போக முடியவில்லை: எந்தப் பென்ஷனுக்கு முதலில் எழுதிப் போடுவது?

விபத்தோ பக்கவாதமோ வந்து வேலைக்குப் போக முடியாமல் ஆனவர்கள் வீட்டிலிருந்து எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "தாலுகா ஆபீஸ்ல 1,500 ரூபாய் பென்ஷனுக்குப் போடலாமா, இல்ல ஈ.எஸ்.ஐ.ல ஏதோ கிடைக்கும்ங்கிறாங்களே அதுக்கு அலையலாமா, இல்ல பேசாம பி.எஃப். பணத்தை மொத்தமா எடுத்துடலாமா?" கேட்பது மனைவியாகவோ அம்மாவாகவோ இருக்கும். படுத்திருப்பவருக்குப் பேசவே தெம்பு இருக்காது. கையில் மருந்துச் சீட்டும் கடன் நோட்டும் இருக்கும்போது எது சீக்கிரம் கிடைக்குமோ அதை வாங்கிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சீக்கிரம் கிடைக்கும் சில்லறைக்காக ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு ஆயுள் முழுக்க வர வேண்டிய பணத்தை இழந்தவர்களைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் அத்தை மகன் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தான். இயந்திரத்தில் மாட்டி வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. பதினோராவது நாள் ஆலையிலிருந்து ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, ஒரு கவரில் 50,000 ரூபாயும் ஒரு தாளும் கொடுத்தார். தாளில் "சொந்தக் காரணங்களால் வேலையிலிருந்து விலகுகிறேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று தட்டச்சு செய்திருந்தது. இவன் அப்போது பழைய நோட்டில் இடது கையால் தன் பெயரை எழுதிப் பழகிக்கொண்டிருந்தான். அந்தக் கோணல் எழுத்திலேயே கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டான். அத்தைக்கு என்னவோ மனசு ஒப்பாமல் எனக்குப் போன் செய்தார்கள். போட வேண்டாம் என்றேன். இன்று அவனுக்கு ஈ.எஸ்.ஐ.யிலிருந்து மாதம் சுமார் 4,860 ரூபாய் வருகிறது, உயிரோடு இருக்கும்வரை வரும். அந்தக் கவரில் இருந்தது பதினோரு மாதத்துக்குக் கூடக் காணாது.

இனி வருவதெல்லாம் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, இந்த நிலை எதனால் வந்தது என்பது. வேலை செய்யும்போதா, வேலைக்குப் போகும் வழியிலா, வேறு சாலை விபத்தா, நோயா? இந்த ஒரு பதிலே பாதி வழிகளைத் திறக்கும், மீதியை மூடும். அதனால் முதல் நாள் ஆஸ்பத்திரியில் என்ன எழுதினார்கள் என்பதைப் பாருங்கள். ஆலையில் அடிபட்டவரை "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று பதிய வைப்பது நடக்கிற விஷயம்தான். அரசு ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி என்பார்களே, அந்த விபத்துப் பதிவேட்டு நகலை வாங்கி அன்றே படித்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதைத் திருத்தப் போனால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது, சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ., பி.எஃப். பிடித்தார்களா? சம்பளச் சீட்டு இல்லாவிட்டால் போனில் வந்த குறுஞ்செய்திகளைத் தேடுங்கள்.

மூன்றாவது, சதவீதம். இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். சதவீதம் ஒன்றல்ல, இரண்டு இருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காக அரசு மருத்துவக் குழு போடுவது உடலின் குறைபாட்டு அளவு. ஈ.எஸ்.ஐ. மருத்துவக் குழுவும், வேலை விபத்து இழப்பீட்டு அதிகாரியும், சாலை விபத்துத் தீர்ப்பாயமும் பார்ப்பது சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போனது என்பதை. தட்டச்சு செய்பவருக்கு விரல் போவதும் காவலாளிக்கு விரல் போவதும் ஒன்றாகாது. 2010ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. என் அத்தை மகனுக்கு மூன்று விரலுக்குச் சட்ட அட்டவணைப்படி 30 சதவீத இழப்பு. மாநில பென்ஷனுக்கு வேண்டிய 40ஐ அவன் அட்டை தொடவில்லை. அங்கே முதலில் போய்த் தள்ளுபடி ஆகியிருந்தால், "நமக்கு எதுவும் கிடையாது" என்று வீட்டிலேயே உட்கார்ந்திருப்பான்.

இன்னொன்றும் உண்டு. காலில் 40, கண்ணில் 30 என்றால் கூட்டி 70 போட மாட்டார்கள். பெரியதை வைத்துக்கொண்டு மீதிக்கு ஒரு சூத்திரம் போடுவார்கள். 90லிருந்து 40ஐக் கழித்தால் 50, அதை 30ஆல் பெருக்கி 90ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 17, ஆக மொத்தம் 57. "எழுபது வரும்னு சொன்னாங்களே" என்று கலங்கி நிற்பவர்களுக்காகச் சொல்கிறேன், டாக்டர் ஏமாற்றவில்லை, கணக்கே அப்படித்தான்.

நான்காவதாக, ஒன்றை வாங்கினால் எது அடைபடும், பின்னால் கொஞ்சம் தேறி ஏதாவது வேலை பார்த்தால் பணம் நிற்குமா, நீங்கள் போன பின் வீட்டுக்கு ஏதாவது வருமா. விண்ணப்பத்தில் இது எதுவும் இருக்காது, ஆனால் குடும்பத்துக்கு முக்கியமானது இதுதான்.

## வருவாய்த் துறையின் மாத உதவித்தொகை

பென்ஷன் என்றாலே எல்லோரும் நினைப்பது இதைத்தான். 18 வயது முடிந்து, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருந்து, ஆதரவில்லாத நிலையில் இருப்பவர்களுக்கு. 2023ல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. 80 சதவீதத்துக்கு மேல், வறுமைக் கோட்டுக்குக் கீழ் என்றால் இந்திரா காந்தி தேசியத் திட்டத்தின் கீழ் சேர்ப்பார்கள். அதில் மத்திய அரசின் பங்கு 300 ரூபாய், மீதி மாநிலத்துடையது. எந்தத் திட்டத்தில் பெயர் இருந்தாலும் கைக்கு வருவது ஒரே தொகைதான், அதனால் அதற்காக மனசைப் போட்டு உழப்ப வேண்டாம்.

இ-சேவை மையத்தில் பதிந்தால் வி.ஏ.ஓ.வும் ஆர்.ஐ. எனப்படும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார் ஆணை போடுவார். நோயோ விபத்தோ எதனால் வந்தது என்று இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். கூலி வேலை, விவசாய வேலை, வீட்டு வேலை செய்தவர்களுக்கு, அதாவது எந்தச் சந்தாவும் கட்டியிராதவர்களுக்கு, இருக்கிற பெரிய ஆதரவு இதுதான். அந்த வகையில் இதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், அலைச்சலில். அடையாள அட்டைக்கு ஒரு நாள், மருத்துவக் குழுவுக்கு ஒரு நாள், விசாரணைக்கு ஆள் வரும் நாளில் வீட்டில் இருக்க வேண்டும், நடக்க முடியாதவரைக் கூட்டிப் போக ஆட்டோ, கூடப் போகிறவருக்கு அன்றைய கூலி போகும். பணமும் பொதுவாக ஆணை வந்த பிறகுதான் தொடங்கும், காத்திருந்த மாதங்களுக்குக் கிடைக்காது. அதனால் தகுதி இருந்தால் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். பெறுபவர் இறந்தால் அதோடு நிற்கும், மனைவிக்குத் தொடராது. அவர் விதவை உதவித்தொகைக்குப் புதிதாகத்தான் எழுத வேண்டும்.

## மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் பராமரிப்பு உதவித்தொகை

இது வேறு துறை, வேறு அலுவலகம். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் பெரும்பாலும் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் போக வேண்டும். தாலுகா ஆபீஸில் கேட்டால் இதைப் பற்றிச் சொல்லுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது, நிறையப் பேருக்கு இது இருப்பதே தெரியாமல் போவதற்கு அதுதான் காரணம்.

இது மாதம் 2,000 ரூபாய். எல்லாக் குறைபாட்டுக்கும் கிடையாது. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய், தொழுநோயிலிருந்து மீண்டவர்கள், 75 சதவீதத்துக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், முதுகுத் தண்டுவடப் பாதிப்பு, பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய் போன்ற நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு உள்ளவர்கள் இதில் வருவார்கள். தானாகச் சாப்பிடவோ எழுந்து உட்காரவோ முடியாமல் ஒருவர் கூடவே இருந்து பார்க்க வேண்டிய நிலை என்றால், பார்த்துக்கொள்பவருக்கென்று தனியாக மாதம் 1,000 ரூபாய் கேட்கலாம். மாமியாரையோ கணவரையோ பார்ப்பதற்காகவே வேலையை விட்ட பெண்களிடம் இதைச் சொன்னால், "அதுக்கும் காசு உண்டா?" என்று கேட்கிறார்கள். உண்டு.

வருவாய்த் துறையுடையதும் இதுவும் சேர்ந்து கிடைக்காது, இரண்டில் ஒன்றுதான். இரண்டுக்கும் தகுதி இருந்தால் யோசிக்க வேண்டியதில்லை, இதற்குத்தான் எழுத வேண்டும். தாலுகாவில் ஏற்கெனவே 1,500 வாங்கிக்கொண்டிருந்தால், அதை நிறுத்திய கடிதம் கேட்பார்கள். புதியது இன்ன மாதத்திலிருந்து வரும் என்று நல அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பழையதை நிறுத்தச் சொல்லி எழுதிக்கொடுக்காதீர்கள். நடுவில் மூன்று மாதம் கை வறண்டு போன வீடுகள் உண்டு.

## ஈ.எஸ்.ஐ.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை (மாற்றுத்திறனாளித் தொழிலாளி என்றால் 25,000 வரை) ஈ.எஸ்.ஐ. பிடிக்க வேண்டும். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. மாதம் நூற்றுச் சொச்சம் பிடித்ததை வருடக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் கஷ்ட காலத்தில் அந்தச் சொச்சம்தான் கைகொடுக்கிறது.

வேலையில் அடிபட்டிருந்தால், வேலைக்குப் போகும் வரும் வழியில் நடந்த விபத்தும் இதில் சேரும், முதலில் கிடைப்பது தற்காலிக இயலாமைத் தொகை. சம்பளத்தில் 90 சதவீதம், குணமாகும்வரை. எத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை, சேர்ந்த முதல் நாள் அடிபட்டாலும் உண்டு. குணமான பின்னும் குறை நிலைத்துவிட்டால் மருத்துவக் குழு ஒரு சதவீதம் போடும், அந்த அளவுக்கு ஆயுள் முழுக்க மாதாமாதம் வரும். 18,000 ரூபாய் சம்பளத்தை வைத்துப் பார்ப்போம். ஒரு நாளைக்குச் சுமார் 600, அதில் 90 சதவீதம் 540, அதில் 30 சதவீத இழப்பு என்றால் 162 ரூபாய். மாதத்துக்கு 4,860. என் அத்தை மகனுடைய கணக்கு இதுதான். அவன் இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான், அந்தச் சம்பளமும் வருகிறது, இதுவும் வருகிறது. வேறு வேலை பார்த்தால் நிரந்தரத் தொகை நிற்காது. இந்த ஒரு விஷயத்துக்காகவே மற்ற எல்லாவற்றையும் விட இதை நான் மேலே வைப்பேன். ஓரளவு தேறியவர், "பென்ஷன் போயிடுமோ" என்று பயந்து வீட்டிலேயே முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை.

நோயால் முடங்கியவர்களுக்கும் வழி இருக்கிறது, ஆனால் காலவரம்போடு. சாதாரண நோய்க்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை. அதற்கு ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். பக்கவாதம், புற்றுநோய், காசநோய், சிறுநீரகச் செயலிழப்பு என 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை. இதற்கு இரண்டு ஆண்டு தொடர்ச்சியான வேலையும் அதில் 156 நாள் சந்தாவும் வேண்டும். வேலைக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர இயலாமை வந்து வேலையே போய்விட்டால், ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டத்தில் முதல் 12 மாதம் சம்பளத்தில் பாதியும் அடுத்த 12 மாதம் கால் பங்கும் கேட்கலாம்.

சரி, இதில் என்ன கஷ்டம்? ஆலை விபத்து அறிக்கை அனுப்பாமல் இழுத்தடிப்பது. அனுப்ப மறுத்தால் நீங்களே ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, ஏ.ஆர். காப்பியையும் அன்றைய வருகைப் பதிவையும் கூட வேலை பார்த்த ஒருவரின் வாக்குமூலத்தையும் சேருங்கள். அப்புறம், தனியார் ஆஸ்பத்திரிச் சான்றை மட்டும் நம்பிப் பல மாதம் ஈ.எஸ்.ஐ. டாக்டரிடமே போகாமல் இருந்தால் அந்த நாள்களுக்குப் பணம் வாங்குவது பெரும்பாடு. ஈ.எஸ்.ஐ.யில் வருபவர் அதே வேலை விபத்துக்காக முதலாளியிடம் தனியாகத் தொழிலாளர் இழப்பீடும் கேட்க முடியாது.

நோய்ப் பணமோ தற்காலிக இயலாமைப் பணமோ பெற்றுக்கொண்டிருக்கும் காலத்தில் உங்களை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. நீக்க முடியாததால்தான் ராஜினாமா எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். வேலை விபத்தால் நிரந்தரமாக இயலாமல் போனவர், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைக்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவத்தை ஓய்வு வயது வரை தொடரலாம். கிளை அலுவலகத்தில் நீங்களே கேட்டால்தான் சொல்வார்கள்.

## பி.எஃப்.பில் இருக்கும் முடக்க ஓய்வூதியம்

அதிகம் பேர் தவறவிடுவது இதைத்தான். பி.எஃப். பிடித்தவர்களுக்கு 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் தனிக் கணக்கு ஓடுகிறது. பென்ஷன் வாங்கப் பத்து வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நிரந்தரமாக, முழுமையாக வேலை செய்ய முடியாமல் போனவருக்கு அந்தப் பத்து வருடம் தேவையில்லை என்பது தெரியாது. ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தால் போதும். வேலையில் அடிபட்டிருக்க வேண்டும் என்றும் இல்லை, வீட்டில் வந்த பக்கவாதமும் சேரும். வேலையில் இருந்த காலத்தில் அது நேர்ந்திருக்க வேண்டும், அப்போது செய்யக்கூடியதாக இருந்த எந்த வேலையையும் இனிச் செய்ய இயலாது என்று மருத்துவக் குழு சொல்ல வேண்டும்.

தொகை பெரிதில்லை. 15,000 ரூபாய் சம்பள வரம்பில் எட்டு வருடம் என்றால், 15,000ஐ 8ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் சுமார் 1,714. கணக்கில் அதைவிடக் குறைவாக வந்தாலும் 2014 செப்டம்பரிலிருந்து குறைந்தபட்சம் 1,000. ஆனால் இவர் காலமான பின் மனைவிக்குப் பென்ஷன், இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை பங்கு என்று தொடரும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பொறி எங்கே என்றால் படிவத்தில். வேலையை விட்டு, பணத் தேவைக்காக யாரோ ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து "எல்லாத்தையும் எடுத்துக் கொடுங்க" என்றால் அவர் படிவம் 19ஐயும் 10சியையும் சேர்த்தே போட்டுவிடுவார். 19 என்பது சேமிப்புப் பணம், அதை எடுக்கலாம், எடுத்தே ஆக வேண்டிய நிலையில்தான் இருப்பீர்கள். 10சி போட்டுப் பென்ஷன் பங்கை மொத்தமாக எடுத்துவிட்டால் முடக்க ஓய்வூதியமும் போச்சு, பின்னால் மனைவிக்கு வர வேண்டியதும் போச்சு. போட வேண்டியது 10டி. சென்டரில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாமல், திரையில் எந்தப் படிவம் திறந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு ஓ.டி.பி. சொல்லுங்கள். 2014 செப்டம்பருக்குப் பிறகு 15,000க்கு மேல் சம்பளத்தில் முதன்முதலாகச் சேர்ந்தவர்களுக்கு ஓய்வூதியப் பங்கே இருக்காது, பாஸ்புக்கில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். அதையும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

## ஒரே முறை வரும் பணம்

சாலை விபத்து என்றால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம். ஆறு மாதத்துக்குள் மனுப் போட்டுவிடுங்கள்.

வேலை விபத்து, ஆனால் ஈ.எஸ்.ஐ. இல்லை என்றால் தொழிலாளர் துணை ஆணையரிடம் இழப்பீடு கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள். கணக்கு ஆச்சரியப்படுத்தும். வயதுக்குத் தகுந்தபடி சட்டத்தில் ஒரு பெருக்கல் எண் இருக்கிறது, 40 வயதுக்காரருக்கு அது 184.17, சம்பளம் 15,000 வரை எடுப்பார்கள். முழு நிரந்தர இயலாமைக்கு அதில் 60 சதவீதம், அதாவது 9,000ஐ 184.17ஆல் பெருக்கினால் 16,57,530 ரூபாய். மூன்று விரல், 30 சதவீதம் என்றாலும் 4,97,259. இந்த இடத்தில் 50,000 கொடுத்து அனுப்புகிறார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள், மொத்தமாக வரும் பணத்தை வீட்டில் இருக்கும் கடன்காரர்கள் ஒரே வாரத்தில் பிரித்துக்கொள்வார்கள். வக்கீல் கட்டணத்தை முதல் நாளே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

வங்கிக் கணக்கில் வருடா வருடம் மே கடைசியில் 20 ரூபாய் பிடிக்கிறார்களே, அது பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா. விபத்தில் ஒரு கையோ காலோ கண்ணோ போனால் 1 லட்சம், இரண்டும் போனால் 2 லட்சம். 30 நாளுக்குள் வங்கியில் தெரிவிக்க வேண்டும். பாஸ்புக்கைப் பதிந்து பாருங்கள், பிடித்ததே தெரியாமல் இருப்பவர்கள் அதிகம். கட்டடம், தையல், ஆட்டோ என நலவாரியத்தில் பதிந்தவர்கள் வாரிய அட்டையோடு தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் விபத்து உதவியையும் முடக்க ஓய்வூதியத்தையும் கேளுங்கள், பதிவு புதுப்பித்திருக்க வேண்டும்.

## அரசு வேலையில் இருப்பவர்கள்

உங்களுக்கு வேறு சட்டம். பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளியானவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு சொல்கிறது. அதே சம்பளத்தில் வேறு பணி, அதுவும் இல்லாவிட்டால் ஓய்வு வயது வரை கூடுதல் பணியிடம். "மருத்துவக் காரணத்தால் விருப்ப ஓய்வு" என்று எழுதச் சொன்னால், அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு மாற்றுப் பணி கேட்டு மனுக் கொடுத்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | எதனால் வந்திருந்தாலும் கிடைக்குமா | பணம் | வேலை பார்த்தால் | இறந்த பின் |
|---|---|---|---|---|
| வருவாய்த் துறை | ஆம், 40% வேண்டும் | மாதம் 1,500 | மறுவிசாரணையில் கேட்பார்கள் | நிற்கும் |
| பராமரிப்புத் தொகை | சொல்லப்பட்ட வகைகளுக்கு மட்டும் | மாதம் 2,000 | பெரும்பாலும் வேலை செய்ய முடியாதவர்களுக்கே | நிற்கும் |
| ஈ.எஸ்.ஐ. நிரந்தரத் தொகை | வேலை விபத்து மட்டும் | சம்பளத்தையும் இழப்பையும் பொறுத்து | நிற்காது | விபத்தே காரணமாக இறந்தால் குடும்பத்துக்கு உண்டு |
| ஈ.எஸ்.ஐ. நீண்டகால நோய் | 34 நோய்கள் | சம்பளத்தில் 80%, 2 ஆண்டு வரை | நிற்கும் | நிற்கும் |
| பி.எஃப். முடக்க ஓய்வூதியம் | ஆம், முழு முடக்கம் வேண்டும் | குறைந்தது 1,000 | வேலையே முடியாதவருக்குத்தான் | மனைவி, பிள்ளைகளுக்குத் தொடரும் |

## உங்கள் வீட்டுக்கு எது

ஆலையில், கடையில், கம்பெனியில் அடிபட்டு ஈ.எஸ்.ஐ. இருந்தால் முதலில் அதுதான், மற்றதெல்லாம் பிறகு. சதவீதம் குறைவாகப் போட்டுவிட்டார்கள் என்று தோன்றினால் மருத்துவ மேல்முறையீட்டுக்குப் போகலாம். வேலையே முடியாது என்ற நிலையானால் 10டியையும் சேர்த்துப் போடுங்கள், அது தனி நிதி, தனி விண்ணப்பம்.

சந்தா எதுவும் இல்லாத கூலித் தொழிலாளிக்கு, சிகிச்சை முடிந்து உடல்நிலை ஒரு நிலைக்கு வந்ததும் அடையாள அட்டை. அன்று எடுத்துப் போக வேண்டியவை ஆதார், புகைப்படம், டிஸ்சார்ஜ் சுருக்கம், ஸ்கேன் படங்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்து அசலைத் தனிக் கவரில் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் "பரவாயில்ல சார், சமாளிச்சுக்குவேன்" என்று சொல்கிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. அன்று ஒரு நாள் வேண்டாம். சட்டைப் பொத்தான் போட முடியாது, படி ஏற முடியாது, கக்கூசுக்கு ஆள் துணை வேண்டும் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், கூச்சமாக இருந்தால் கூட வந்தவர் சொல்லட்டும். 75க்கு மேலோ நரம்பியல் பாதிப்போ என்றால் தாலுகாவுக்குப் போகாமல் நேராக நல அலுவலரிடம். 40 முதல் 75க்குள் என்றால் தாலுகா.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு பி.எஃப். இருந்து பிள்ளைகள் சின்னவர்கள் என்றால், மாதம் ஆயிரம்தானே என்று 10டியை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, எனக்கு மிகவும் சங்கடமான கேள்வி ஒன்று. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் போகிறவர், வேலை போய்விட்டது, பென்ஷன் கிடைக்குமா? 2016 சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் சிறுநீரகச் செயலிழப்பு இல்லை. இதய நோயும் இல்லை, புற்றுநோயும் இல்லை. எவ்வளவு முடியாமல் இருந்தாலும் அந்த நோயை வைத்து அடையாள அட்டை கிடைக்காது, அட்டை இல்லாமல் மாநில உதவித்தொகை இரண்டும் கிடையாது. இது மாற வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். அதுவரை அவருக்கு இருப்பது ஈ.எஸ்.ஐ.யின் நீண்டகால நோய்ப் பணம், பிறகு பி.எஃப். முடக்க ஓய்வூதியம், இரண்டும் சந்தா கட்டியவருக்கு மட்டும். சந்தா இல்லாதவரிடம் நான் கேட்பது, சர்க்கரையால் வந்த சிறுநீரகக் கோளாறா என்று. சர்க்கரை என்றால் அது கண்ணையும் பாத நரம்பையும் விட்டு வைத்திருக்காது. போன வருடம் அப்படி ஒரு அக்காவை அரசு ஆஸ்பத்திரிக் கண் பிரிவுக்கு அனுப்பினேன். பார்வை மங்கலை இத்தனை நாள் வயசுக் கோளாறு என்று நினைத்திருந்தார். பார்வைக் குறைபாட்டுக்கே 40க்கு மேல் வந்து, அந்த அட்டையை வைத்துத் தாலுகாவில் எழுதிப் போட்டோம்.